ஜப்பார் பாயின் ஆறு நிமிஷ வெந்நீர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு என் குளியலறைச் சுவருக்குள் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கோட்டூர்புரத்தில் எட்டே வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில் நான் முதல் மாடி. எனக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில், ஜப்பார் பாய். விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு அவர் குளிக்கக் குழாயைத் திறந்தால், சுவருக்குள் ஓடும் பழைய பைப் இரண்டு தடவை தட்டிவிட்டுத்தான் தண்ணீர் விடும். எத்தனையோ வருடங்களாக அந்தத் தட்டலில்தான் நான் கண் விழிக்கிறேன். அன்றைக்கு அது வரவில்லை.

"பாய் இன்னைக்குத் தூங்கிட்டாரு போல சரசு. மதியம் போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்று என் மனைவியிடம் கேலியாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. அவருடைய மகன் அன்வர் வெறுங்காலோடு நின்றிருந்தான்.

"மாமா, அப்பா எழுந்திருக்கல. கொஞ்சம் மேல வாங்க" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த தெரு டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னது அதற்கு அப்புறம்தான். அறுபத்தேழு வயது. முந்தின நாள் மாலைகூட மொட்டை மாடியில் நின்று, சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

குடியிருப்பின் செயலாளர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்கதான் அவரோட நெருக்கம். நோட்டீஸ் போர்டுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். தி. நகரில் சின்னதாக ஜவுளிக் கடை வைத்திருப்பவன் நான். துணியை அளந்து கிழிக்கத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் பாயைப் பற்றி வேறு யாராவது எழுதினால், நல்லவர், வல்லவர், அமைதியானவர் என்று முடித்துவிடுவார்கள். அவர் அமைதியானவர் இல்லை. நானும் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன். நோட்டீஸ் போர்டில் இடம் போதாவிட்டால் செயலாளர் பக்கத்துச் சுவரைப் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர் ஜப்பார் பாய். அங்கேயே ஒரு சந்தில் பைப்பும் குழாயும் வால்வும் வாஷரும் விற்கும் கடை வைத்திருந்தார். பழைய வீட்டில் இடம் போதாமல் இங்கே குடிவந்தார். வீட்டில் உருது பேசுவார், கடையிலும் எங்களிடமும் சுத்தமான மெட்ராஸ் தமிழ் பேசுவார். குடிவந்த மூன்றாம் நாள் என் வீட்டு அழைப்பு மணியை அடித்தார். கையில் ஒரு ஸ்பேனரும், தீப்பெட்டிக்குள் நாலு வாஷரும் இருந்தன.

"அண்ணாச்சி, மேல் வூட்டுக்கு வந்திருக்கேன். ஜப்பார். உங்க பாத்ரூம் குழாய் ஒழுகுது. ராத்திரி பூரா எனக்குக் கேட்டுக்கினே கீது."

"அது ஒழுகுறது எனக்குத் தெரியும் பாய். ஆள் சொல்லியிருக்கேன்."

"ஆள் வர வரைக்கும் அது நிக்குமா? ஒழுகுறது வெந்நீர் குழாய். சொட்டு சொட்டா போறது தண்ணி இல்ல, கரண்டு."

நான் வாசலை விட்டு நகர்வதற்குள் உள்ளே போய், பத்து நிமிடத்தில் வாஷரை மாற்றிவிட்டு, வெந்நீர்க் குழாயை ஐந்து தடவை திறந்து மூடிக் காட்டினார். முன்பின் தெரியாத ஒருவர் என் குளியலறைக்குள் புகுந்து எனக்கே பாடம் நடத்துகிறாரே என்று எனக்கு எரிச்சல். சரசு காபி கொடுத்தாள். சர்க்கரை கம்மியாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டார். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

அவருக்கு வெந்நீரில் சில சட்டங்கள் இருந்தன. குளிப்பதற்கு ஆறு நிமிஷம் முன்னால் கீசரைப் போட வேண்டும், குளிக்கப் போகும்போது அணைத்துவிட வேண்டும். ஷவர் கூடாது, வாளிதான். கீசரின் சூட்டுத் திருகைக் கை பொறுக்கிற அளவுக்கு மேலே வைக்கக் கூடாது. நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கொப்புளம் வருகிற அளவுக்குச் சுட வைக்கிறோம், பிறகு அரை வாளி பச்சைத் தண்ணீர் கலந்து விளாவுகிறோம். அதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "ஆற வக்கிறதுக்கு இன்னாத்துக்குச் சுட வக்கணும் அண்ணாச்சி?" என்பார். இந்தக் கேள்வியை அவர் எங்கள் எட்டு வீட்டிலும் கேட்டிருக்கிறார். 

குழாயைத் திறந்ததும் முதலில் வருகிற ஆறிப்போன தண்ணீரை யாரும் கீழே விடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். பைப்பில் நிற்கிற அந்த அரை வாளியைத் தனியாகப் பிடித்து, துணி அலசவோ செடிக்கு ஊற்றவோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் பிறந்தால் தன் வீட்டுக் கீசர் ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிவிடுவார். மொட்டை மாடித் தொட்டியே கொதித்துக் கிடக்கும்போது கீசர் போடுகிறவரைப் பார்த்தால், சொந்தக் கடையில் திருடு போனதுபோல் பதறுவார். பழக்கதோஷத்தில் மே மாதமும் ஸ்விட்சைத் தட்டுகிற கை எனக்கு இருந்தது. மாட்டிக்கொண்டு திட்டு வாங்கியிருக்கிறேன்.

இதோடு விட்டாரா என்றால், இல்லை. கீழே மீட்டர் அறையின் சுவரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சாக்பீஸால் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். அந்த வாரம் எந்த வீடு எத்தனை யூனிட் என்று, குறைவானதில் தொடங்கி வரிசையாக. பள்ளிக்கூட ராங்க் மாதிரி. முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஒரு மாதம் போனதும், ஞாயிறு காலை பால் வாங்கப் போகிறவர்கள் ஒரு நடை மீட்டர் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. தரை வீட்டுக்காரர் இஸ்திரி போடுவதை வாரம் ஒரு நாள் ஆக்கினார். மூன்றாம் மாடியில் ஏசி இருபத்தாறுக்கு ஏறி, கூடவே மின்விசிறி ஓட ஆரம்பித்தது. சாம்பாரைச் சூடாக ஃப்ரிட்ஜில் வைத்தால் பாய்க்குத் தெரிந்துவிடும் என்று குழந்தைகள் பேசிக்கொண்டன.

பட்டியலில் எப்போதும் முதல் இடம் ஜப்பார் பாய். எப்போதும் கடைசி இடம் நான்.

நம் ஊரில் மின்கட்டணம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்க வருவார்கள். ஐந்நூறு யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலை; அதைத் தாண்டினால் விலை ஒரே தாவாகத் தாவும். நான் ஒவ்வொரு தடவையும் தாண்டினேன். பல்பை மாற்றினேன். பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினேன். கீசரை ஆறு நிமிஷம்கூட இல்லை, ஐந்து நிமிஷமாக்கினேன். கடையில் லாபத்தில் கடைசி என்றால்கூட எனக்கு இவ்வளவு ரோஷம் வந்திருக்காது. சுவரில் கடைசி என்றதும் மானம் போனதுபோல இருந்தது.

"அண்ணாச்சி, கோச்சிக்காதீங்க. உங்க வூட்ல யாரோ வெந்நீர வுட்டுக்கினே கீறாங்க" என்று பாய் சொல்வார். "என் வூட்ல அஞ்சு பேரு. உங்க வூட்ல ரெண்டு பேரு. கணக்கு ஒதைக்குது."

கணக்கு உதைத்தது உண்மைதான். எங்கே உதைத்தது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் என் மகள் மீனா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. நம் வழக்கப்படி மூன்று மாதம் தாய் வீட்டில் இருந்துவிட்டுப் போக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு உடம்புக்கு ஊற்ற வெந்நீர், குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர், குழந்தைத் துணி அலச வெந்நீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் பட்டியலோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை.

"பாப்பா, கொழந்தைக்கு நல்லா ஊத்து. அத நான் சொல்லவே மாட்டேன். உனக்கு ஒரு வாளி போதும்மா" என்றார் மீனாவிடம். அதட்டலாக இல்லை, கனிவாகத்தான் சொன்னார்.

மீனா என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். "விடுங்க பாய், பிள்ளை பெத்தவ" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"பாய் சொல்லுதது சரிதான். வெந்நி என்ன ஓசியிலயா வருது?"

இரண்டு நாளில் பெட்டியைக் கட்டினாள். "நாப்பது நாள் ஆச்சுல்லாப்பா, போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொட்டிவாக்கத்தில் உள்ள புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். சரசு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மீனா அதற்கப்புறம் வருவாள், உட்காருவாள், சாப்பிடுவாள். ராத்திரி தங்க மாட்டாள். குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டிய நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவாள்.

மீனா போன பிறகும் என் மீட்டர் பெரிதாக இறங்கவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரசுவைச் சந்தேகப்பட்டேன்.

மறு வருடம் பாயும் அவர் மனைவியும் உம்ரா பயணம் கிளம்பினார்கள். மக்காவுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பாயும் முந்தின நாள் மற்ற ஏழு வீட்டுக்கும் போனார். என் வீட்டில் சோபாவில் நுனியில் உட்கார்ந்து, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் பண்ணியிருந்தா மாஃப் பண்ணிடுங்க அண்ணாச்சி" என்றார்.

"என்ன தப்பு பாய் செஞ்சிய? சுவத்துல என்னைக் கடைசியில போட்டதுக்கா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் ராத்திரி விமானம். அன்வர் வீட்டாரும் அந்த இரண்டு வாரம் ஆம்பூரில் இருக்கப் போவதால் வீடு பூட்டிக் கிடக்கும். மதியம் பாய் கீழே மீட்டர் அறைக்குப் போய்த் தன் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்தார். மேலே மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்தது நினைவு வந்து திரும்பிப் போனார். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் உள்ளே இருட்டு. குளியலறையில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம். கீசரின் விளக்கு. மெயினை அணைத்த வீட்டில் கீசர் எரிந்துகொண்டிருந்தது.

நான் அப்போது கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மின்விசிறி நின்றது. ஜன்னல் வழியாக, "யாருவே அது என் மெயின அணைச்சது?" என்று கத்தினேன். மாடிப்படியில் யாரோ வேகமாக மேலே ஏறுகிற சத்தம், கொஞ்ச நேரத்தில் மெதுவாக இறங்குகிற சத்தம். பிறகு கதவில் பாய். புது வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, என் வூட்டு கீசரு உங்க மீட்டர்ல ஓடிக்கினு கீது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க மெயின அணைச்சிட்டு மேல போய் பார்த்தேன். கீசரு அணைஞ்சி போச்சு. கட்டும்போதே ஒயர மாத்திக் குடுத்திருக்கான் எவனோ. நான் குடிவந்த நாள்லேர்ந்து, அஞ்சு வருசமா, என் வூட்டு வெந்நீர் பூரா உங்க தலையில."

எனக்கு முதலில் பணம் ஞாபகத்துக்கு வரவில்லை. மீனா வந்தாள். பிரசவித்த உடம்போடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியது கண்ணுக்குள் வந்தது. மற்றவர் வீட்டு வெந்நீருக்காக என் பிள்ளையை நான் பேசியிருக்கிறேன்.

"பாய், பிள்ளை பெத்தவள நான் இந்த வீட்டை விட்டு அனுப்பிட்டேன். ஒங்க பேச்சைக் கேட்டு."

"தெரியும் அண்ணாச்சி. அதான் நிக்கிறேன். நேத்து கேட்டது வழக்கத்துக்குக் கேட்டது. இன்னிக்கு நெஜமா கேக்குறேன். மாஃப் பண்ணிடுங்க. எவ்ளோ ஆச்சோ அதயும் குடுத்துடறேன்."

"ரூவா பேச்சை எடுக்காதிய."

"சரி, எடுக்கல. ஒரு வார்த்த சொல்லிடுங்க. இத நெஞ்சில வச்சிக்கினு நான் அங்க போய் எப்டி நிக்கிறது?"

ஒரு வார்த்தை. எனக்கு அது வாயில் வரவில்லை. "போயிட்டு வாங்க. அப்புறம் பேசிக்கிடலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நல்ல காரியத்துக்குப் போகிறவரை இப்படியா அனுப்புவார்கள் என்று சரசு உள்ளே அழுதாள். நான் மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் கடையில் இருக்கும்போது மீனா போன் செய்தாள். "அப்பா, பாய் மாமா வந்துட்டுப் போறாரு. வாசல்ல கார்ல பெட்டியெல்லாம் இருக்கு. உள்ள வரமாட்டேன்னுட்டாரு. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாரு. ஏர்போர்ட்டுக்கு நேரமாகுதுன்னு அத்தை கார்ல இருந்து கூப்பிட்டுட்டே இருந்தாக." விமான நிலையம் ஒரு பக்கம், கொட்டிவாக்கம் ஒரு பக்கம். அந்தச் சாயங்கால நெரிசலில் அவர் அங்கே போய்விட்டுப் போயிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"மனசுல ஒண்ணும் இல்ல மாமா, நல்லபடியாப் போயிட்டு வாங்கன்னு சொன்னேன். நீங்க சொல்லலையாமே?"

உடனே பாய்க்குப் போன் போட்டேன். பயணத்துக்காக முன்னாலேயே அணைத்துவிட்டாரோ என்னவோ, போன் அணைந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து ஒயரை மாற்றினார். அடுத்த ஞாயிறு மீட்டர் அறைச் சுவரில் எங்கள் வீடு மூன்றாவது இடம். கடைசி வரியில், மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில், அவர் பெயரை அவரே எழுதியிருந்தார். கீழே நின்று பார்த்தவர்களுக்கெல்லாம் காரணத்தையும் சொன்னார். தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் சொன்னார்.

அதற்கப்புறம்தான் அவருடைய ஆறு நிமிஷச் சட்டம் அவர் வீட்டிலேயே செல்லவில்லை என்பது வெளியே வந்தது. அவர் மனைவி சரசுவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்: "அவரு கடைக்குப் போனதும் போடுவோம் சரசு. மத்தியானம் துணி தோய்க்கிற வரைக்கும் எரியும். மீட்டர் ஏறலேன்னதும் அவருக்குத் தன்னோட திட்டம் வேலை செய்யுதுன்னு ஒரே பெரும. நாங்க எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டோம்." மனுஷன் ஒரு மாதம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்த மாதத்தில்தான் மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் ஏறியது. தன் கடை பைப், தன் கடை வால்வு, தன் கை வேலை. வெந்நீர் வருகிற பைப்புக்கு மேலே கறுப்பு ஸ்பாஞ்ச் உறை போட்டு, சூடு இறங்காமல் கட்டினார். பைப் இரண்டாம் மாடியோடு நிற்கவில்லை. கீழே இறங்கி என் குளியலறைக்குள் வந்தது. "இன்னாத்துக்கு வீணா ஒருத்தரு வூட்டோட நிறுத்தறது?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னிடமிருந்து அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

சோலார் வந்தால் சட்டம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. "சூரியன் ஓசியா குடுக்குதுன்னா, வுட்டுக்கினே இருக்கிறதா? கீழ் வூட்டுக்கு வேணாமா?" என்று தன் வீட்டிலேயே ஆறு நிமிஷத்துக்கு மேல் யாரையும் குளிக்க விடமாட்டார். இந்தத் தடவை கடைக்குப் போன பிறகும் போன் செய்து விசாரித்தார்.

அந்தத் தீபாவளிக்கு மீனா குழந்தையோடு வந்து தங்கினாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் எங்கள் வீட்டில் அவள் ராத்திரி தங்கியது அன்றைக்குத்தான். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருக்கிற சத்தம் வெளியே கேட்டது. எண்ணாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் படியில் நின்று பாயின் குரல். "அண்ணாச்சி, பாப்பா குளிச்சிட்டுதா? சூடு பத்துச்சா?" முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தன் வீட்டில் யாரும் வெந்நீர்க் குழாயைத் தொடக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறார். தொட்டி முழுக்க மீனாவுக்கு.

"பத்துச்சு பாய்" என்றேன். அப்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவர் அதிரசத்தை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். தினமும் பார்க்கிறோம், தினமும் சேர்ந்து டீ குடிக்கிறோம், இனி எதற்குத் தனியாக ஒரு வார்த்தை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ராயப்பேட்டைப் பள்ளிவாசலிலிருந்து நாலு பேர் வந்தார்கள். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பலகை போட்டு, சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டினார்கள். குளிப்பாட்டும் தண்ணீரில் கலக்க இலந்தை இலையும் கற்பூரமும் வந்தன. அன்வர் என்னிடம் வந்தான்.

"மாமா, குளிப்பாட்ட வெந்நீர் வேணும். ரொம்பச் சூடு கூடாது, வெதுவெதுன்னு. மேல பூரா பொம்பளைங்க கூட்டம். உங்க கீசரைப் போட்டுக்கலாமா?"

"கீசரைப் போடாதப்பா" என்றேன்.

குளியலறைக்குப் போய்ச் சோலார் குழாயைத் திறந்தேன். முதலில் பச்சைத் தண்ணீர் வந்தது. அதைத் தனி வாளியில் பிடித்தேன். யார் பார்க்கிறார்கள், யார் கேட்கப் போகிறார்கள். ஆனாலும் கீழே விட மனம் வரவில்லை. அரை வாளி நிறைந்ததும் சூடு வந்தது. அன்று காலை இரண்டு வீட்டிலும் ஒருவரும் குளித்திருக்கவில்லை. முந்தின நாள் அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போன வெயில் அப்படியே தொட்டியில் இருந்தது. வாளி வாளியாகப் பிடித்துக் கொடுத்தேன், அன்வர் கீழே கொண்டுபோனான். துணிக்கு உள்ளே இருந்த பெரியவர் தண்ணீரில் கைவைத்துப் பார்த்துச் சொன்னது மாடிப்படி வரைக்கும் கேட்டது.

"சரியா கீது தம்பி. கை பொறுக்குது. பச்சத்தண்ணி கலக்க வாணாம்."

நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தூக்குவதற்கு முன்னால் அன்வர் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றான். அவர்கள் வழக்கம் அது. "எங்க அப்பா யாருக்காவது குடுக்க வேண்டியது இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா, அவர மன்னிச்சிடுங்க" என்றான். ஆளாளுக்கு முணுமுணுப்பாக ஏதோ சொன்னார்கள். எனக்கு முணுமுணுக்கத் தோன்றவில்லை. முன்னால் போய், கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னேன்.

"பாய், எம்மனசுல ஒண்ணும் இல்ல. நல்லபடியாப் போயிட்டு வாங்க."

மீனா மூன்று வருடத்துக்கு முன்னால் வாசலில் நின்று சொன்ன அதே சொற்கள்தான். அவளால் அவரைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. நான் வெள்ளைத் துணியைப் பார்த்துச் சொன்னேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மாலையாகிவிட்டது. துக்கத்துக்குப் போய் வந்தவன் தலை குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் புழங்க வேண்டும். சரசு துண்டை நீட்டினாள். வருகிற வழியில் மீட்டர் அறையை எட்டிப் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் சுவரில் இருக்கிறது. யாரும் அழிக்க வேண்டாம் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

குழாயைத் திறந்தேன். பச்சைத் தண்ணீரைத் தனியாகப் பிடித்துவைத்தேன். பிறகு சூடு வந்தது. மத்தியான வெயில் புதிதாக ஏற்றிய சூடு. தலையில் ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். மேலே பைப் தட்டவில்லை. யாரும் படியில் நின்று என்னைக் கூப்பிடவில்லை.

ஜப்பார் பாய், அன்றைக்கு நான் ஆறு நிமிஷத்துக்கு மேல் குளித்துவிட்டேன். மேல் வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று நினைக்கவும் இல்லை. உங்களை மூன்று வருடம் காக்க வைத்ததோடு சேர்த்து, இதையும் மன்னித்துவிடுங்கள்.